ஃபோர்ட்ரான் வந்தபோதும் இதே பேச்சுதான்

ஏ.ஐ.யே நிரல் எழுதிவிடுகிறதே, நாங்கள் எதற்குக் கற்க வேண்டும் என்று என் மாணவர்கள் கேட்கும்போதெல்லாம் அவர்களுக்கு ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழி பிறந்த கதையைச் சொல்கிறேன்.

1950-களின் தொடக்கத்தில் நிரல் எழுதுவதென்றால், இயந்திரக் கட்டளைகளைக் கையால் ஒவ்வொன்றாக அடுக்குவது. எந்த எண் நினைவகத்தில் எங்கே கிடக்கிறது என்பதையும் எழுதுபவரே கவனிக்க வேண்டும். 1952-இல் யூனிவாக் கணினிக்கு நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றித் தரும் ஏ-0 கம்பைலரை உருவாக்கிய கிரேஸ் ஹாப்பரிடமே, கணினிக்குக் கணக்குப் போடத்தான் தெரியும், நிரல் எழுத வராது என்றார்கள்.

1953 முடிவில் ஐ.பி.எம்.மில் ஜான் பேக்கஸ் ஒரு திட்டத்தை முன்வைத்தார். சூத்திரம்போல எழுதினால் போதும். அதை 704 கணினியின் கட்டளைகளாக மாற்ற ஒரு கம்பைலர். அதுதான் ஃபோர்ட்ரான். கட்டளை எழுதுவதும் பிழை தேடுவதும் ஏறக்குறைய ஒழிந்துவிடும் என்றது அவரது குழுவின் 1954 அறிக்கை. இன்று நாம் கேட்கும் வாக்குறுதியேதான்! நியூயார்க் 56-ஆம் தெருவில் லாங்டன் ஹோட்டலில் அறை எடுத்து, பகலில் சற்றுத் தூங்கி, இரவெல்லாம் கணினியில் உழைத்தார்கள். கம்பைலர் தந்த கட்டளைகளைப் பார்த்தபோது, தங்களுக்கே தோன்றியிருக்காத மாற்றங்களை அது செய்திருந்தது கண்டு வியந்தார்கள். அந்தக் கட்டளைகளைக் கையால் எழுதிப் பழகியவர்கள் என்பதால்தான் அந்த வியப்பு வாய்த்தது. எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த இடம் இது.

1957 ஏப்ரலில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் பெட்டிஸ் ஆய்வகத்துக்கு ஃபோர்ட்ரான் வந்தது, கையேடுகூட இல்லாத துளை அட்டைக் கட்டாக. அங்கிருந்தவர்கள் ஒரு நிரலை எழுதி ஓட்டிப் பார்த்தார்கள். கமா ஒன்று விட்டுப்போயிருக்கிறது என்று பதில் வந்தது. பிழை தேடும் வேலை முதல் நாளே திரும்பிவிட்டது.

நான் ஃபோர்ட்ரான் படித்தது துளை அட்டைகளில். அட்டைக் கட்டைக் கொடுத்தால் அச்சுத்தாள் மறுநாள்தான் வரும். அதனால் ஒவ்வொரு மாறியின் மதிப்பையும் தாளில் எழுதி 'டிரை ரன்' பார்க்காமல் கொடுக்கமாட்டோம். பிறர் எழுதிய நிரலைப் படிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்தத் தாள்தான்.

கம்பைலர் நாம் எழுதியதன் பொருளை மாற்றுவதில்லை. ஏ.ஐ. அப்படியில்லை: நாம் சொல்லாததை ஊகித்து நிரப்பும், ஒரே கேள்விக்கு இன்று ஒன்றும் நாளை ஒன்றும் தரும். ஆகவே படித்துச் சரிபார்க்கும் பொறுப்பு பேக்கஸ் காலத்தைவிட இன்று கூடுதல்.

தம்பி, தங்கைகளே, ஏ.ஐ. தந்த நிரலை ஓட்டுமுன் ஒரு தாளை எடுத்து, மாறிகளின் பெயர்களை மேலே எழுதி, வரிக்கு வரி மதிப்புகளை நிரப்பிப் பாருங்கள். வாரம் ஒரு நிரலையாவது எந்தத் துணையும் இல்லாமல் முதலிலிருந்து கடைசிவரை நீங்களே எழுதுங்கள்.