மந்திரம் ஓதியவர் எங்கே? ஆங்கிலப் பேச்சில் ‘என்சாண்ட்மென்ட்’

இன்றைய ஆங்கிலப் பேச்சில் ‘என்சாண்ட்மென்ட்’ என்னும் சொல் பெரும்பாலும் ஓர் இன்ப நிலையைச் சுட்டுகிறது. தோட்டமோ குழந்தையின் சிரிப்போ மனத்தைக் கவர்ந்தால் அதை ‘என்சாண்டிங்’ என்பார்கள். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலம் 1941 முதல் தன் வாகன எண் பலகைகளில் ‘என்சாண்ட்மென்ட்’ என்ற சொல்லைப் பொறித்துவருகிறது. இச்சொல்லின் வேர் ‘இன்கன்தாரே’ என்னும் லத்தீன் வினை: ஒருவர்மேல் மந்திரம் ஓதுதல். பாடுதலைக் குறிக்கும் ‘கன்தாரே’ அதற்குள் இருக்கிறது. பழைய பிரெஞ்சின் வழியாக ஆங்கிலத்தை அடைந்தபோது இச்சொல் சூனியத்தையும் மந்திரக்கட்டையும் குறித்தது. ‘சார்ம்’, ‘கிளாமர்’ ஆகியவையும் இவ்வாறே மந்திரத்திலிருந்து கவர்ச்சிக்கு வந்து சேர்ந்தவை.

இந்த மாற்றத்தைப் பொருள் தேய்வு என்று விளக்குவது வழக்கம். அந்த விளக்கம் போதாது. சொல்லின் வலிமை குறைந்ததைவிட, மந்திரம் ஓதியவர் வாக்கியத்திலிருந்து மறைந்ததே பெரிய மாற்றம். முன்பு மயக்கியவர் ஒருவர் இருந்தார். அவருக்கு நோக்கமும் இருந்தது, குற்றமும் இருந்தது. இப்போது மயக்குவது கடற்கரையோ இசையோதான். அவற்றுக்கு நோக்கம் ஏதுமில்லை.

இம்மாற்றத்தின் ஒரு கட்டத்தைச் சட்டத்தில் காணலாம். இங்கிலாந்தின் 1604ஆம் ஆண்டுச் சட்டம் சூனியத்தின் பல வகைகளுக்கு மரண தண்டனை விதித்தது. 1735ஆம் ஆண்டுச் சட்டம் அதை நீக்கிவிட்டு, மந்திர ஆற்றல் இருப்பதாகப் பாசாங்கு செய்வதைக் குற்றமாக்கியது. தண்டனை ஓராண்டுச் சிறை. அச்சட்டம் அடுக்கும் பாசாங்குகளுள் ‘என்சாண்ட்மென்ட்’ என்பதும் ஒன்று. மந்திரவாதி அங்கே வெறும் ஏமாற்றுக்காரராகிவிட்டார். சட்டமே அவரது ஆற்றலை மறுத்த பிறகு, சொல் இன்பத்தின் பக்கம் சாய்வதற்குத் தடை குறைந்தது.

பழைய பொருளை இன்றும் காத்துநிற்பது எதிர்ச்சொல்லான ‘டிஸ்என்சாண்டட்’. கட்சியின்மீது நம்பிக்கை இழந்த வாக்காளர், வேலையில் பிடிப்பற்றுப்போன ஊழியர் ஆகியோரைப் பற்றிய செய்திகளில் இது மிகச் சாதாரணமாக வரும். ஆனால் அதே வாக்காளர் கட்சியை நம்பியிருந்த நாளில் அவரை ‘என்சாண்டட்’ என்று எவரும் எழுதுவதில்லை. கட்டு அவிழ்ந்த பிறகே கட்டு இருந்தது தெரிகிறது என்னும் பழைய தர்க்கம் இதில் அப்படியே இருக்கிறது.

ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் 1917இல் ஆற்றிய உரையில் உலகிலிருந்து மாயம் அகற்றப்படுவதைப் பற்றிப் பேசினார். எதையும் கணக்கிட்டு ஆள முடியும் என்ற நம்பிக்கையின் பரவலையே அவர் அவ்வாறு குறித்தார். ஆங்கிலத்தில் அது ‘டிஸ்என்சாண்ட்மென்ட்’ ஆனதும், அன்றாடப் பேச்சின் ஏமாற்ற உணர்வும் அதில் ஒட்டிக்கொண்டது. வேபரின் கருத்தை வெறும் புலம்பலாகப் படிப்பதற்கு இது கணிசமான காரணம்.

மந்திரம் செய்பவர் முழுமையாகத் திரும்பியிருக்கும் இடம் கணினி விளையாட்டு. ‘மைன்கிராஃப்ட்’டில் விளையாடுபவர் வாளை மேசையில் வைத்து, சேர்த்த அனுபவ நிலைகளையும் நீலக்கல்லையும் செலவிட்டு அதற்கு ‘என்சாண்ட்மென்ட்’ எனப்படும் ஆற்றலை ஏற்றுகிறார். ஏற்றிய ஆற்றலுக்குப் பெயரும் படிநிலை எண்ணும் உண்டு. இன்பப் பொருளில் பெரும்பாலும் ஒருமையிலேயே வரும் இச்சொல்லை, விளையாடும் சிறுவர்கள் தயக்கமின்றிப் பன்மையில் எண்ணுகிறார்கள்.