நழுவும் குமிழின் நானூறு ஆண்டுகள்

கைப்பேசித் திரையின் வெளிச்சத்தைக் குறைக்க வேண்டுமென்றால் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? ஒரு கோட்டின் மேல் நிற்கும் சிறு குமிழை விரலால் தள்ளுகிறீர்கள். குமிழ் நழுவுகிறது, வெளிச்சம் குறைகிறது. குழந்தைகூட இதைக் கற்றுத் தராமலே செய்துவிடும். இந்தக் கோட்டையும் குமிழையும் சேர்த்துக் கணிப்பொறித் துறையினர் ‘ஸ்லைடர்’ என்பார்கள்.

பார்ப்பதற்கு எளிய இந்த ஸ்லைடருக்குள் நான்கு முடிவுகள் ஒளிந்திருக்கின்றன. குமிழ் எந்த எண்ணில் தொடங்க வேண்டும்? எந்த எண்ணில் முடிய வேண்டும்? ஒரு முறை நகர்ந்தால் எத்தனை கூட வேண்டும்? நீங்கள் தொடுவதற்கு முன்பு குமிழ் எங்கே நிற்க வேண்டும்? இந்த நான்கையும் முடிவு செய்தவர் நீங்கள் அல்லர், நிரலை எழுதியவர். அவர் சரியாக முடிவு செய்தால் கருவி உங்கள் சொல்லைக் கேட்கும். தவறினால், நீங்கள் சொல்லாததையும் சொன்னதாக எடுத்துக்கொள்ளும். இது எப்படி என்பதை அறிய, நானூறு ஆண்டுகள் பின்னோக்கிச் செல்வோம், வாருங்கள்.

மரச் சட்டத்தில் பிறந்த கருத்து

1614ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் நேப்பியர் மடக்கை என்னும் கணித முறையை வெளியிட்டார். பெருக்கலைக் கூட்டலாக மாற்றிவிடும் வித்தை அது. 1620இல் எட்மண்ட் குன்ட்டர் என்னும் ஆங்கிலேயர் மடக்கைகளை ஓர் அளவுகோலின் மேல் கோடுகளாகப் பொறித்தார். அதையடுத்து வில்லியம் ஆட்ரெட் என்னும் பாதிரியார், இப்படிப்பட்ட இரண்டு கோல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நழுவவிட்டால் விடை தானே கிடைக்கும் என்று கண்டார். இதுவே பின்னாளில் உலகெங்கும் பொறியாளர்களின் சட்டைப் பையில் இடம்பிடித்த ‘ஸ்லைடு ரூல்’.

அந்தக் கோலில் ஒரு புதுமை உண்டு. 1க்கும் 2க்கும் இடையே எவ்வளவு தூரமோ, அதே தூரம்தான் 2க்கும் 4க்கும் இடையிலும், 4க்கும் 8க்கும் இடையிலும் இருக்கும். அதாவது, சமமான தூரம் நகர்ந்தால் எண் சமமாகக் கூடுவதில்லை. சமமான மடங்கு பெருகுகிறது. நகரும் தூரமும் எண்ணும் ஒரே விகிதத்தில் செல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதை நழுவும் கோல் அன்றே காட்டிவிட்டது. இந்தப் பாடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஏறக்குறைய 350 ஆண்டுகள் ஆட்சி செய்த ஸ்லைடு ரூலை 1972இல் வெளிவந்த ஹெச்பி-35 என்னும் சட்டைப்பைக் கணக்கி ஓய்வுக்கு அனுப்பியது. ஆனால் நழுவும் குமிழ் அதற்குள் வேறு இரண்டு இடங்களில் குடியேறிவிட்டது.

மின்சாரத்தில் நழுவிய குமிழ்

பள்ளி இயற்பியல் ஆய்வகத்தில் ரியோஸ்டாட் என்ற கருவியைப் பார்த்திருப்பீர்கள். நீண்ட உருளையின் மேல் கம்பி சுற்றியிருக்கும். அதன் மேல் ஒரு தொடுமுனை நழுவும். அதைத் தள்ளத் தள்ள மின்தடை மாறும். இந்தப் பெயரைச் சூட்டியவர் இங்கிலாந்தின் சார்லஸ் வீட்ஸ்டன், ஆண்டு 1843.

வானொலிப் பெட்டிகளில் ஒலியைக் கூட்டக் குறைக்கத் திருகு குமிழ்களே பெரும்பாலும் இருந்தன. ஒலிப்பதிவுக் கூடங்களிலும் அதே நிலைதான். ஆனால் ஒலிப்பதிவாளருக்கு ஒரு குமிழ் போதாது. பாடகருக்கு ஒன்று, பியானோவுக்கு ஒன்று, முரசுக்கு ஒன்று எனப் பல குமிழ்களை ஒரே நேரத்தில் இயக்க வேண்டும். ஒரு கையால் ஒரு குமிழைத்தானே திருக முடியும்? நியூயார்க்கின் அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய டாம் டௌடு 1950களில் திருகு குமிழ்களுக்குப் பதிலாக நேர்க்கோட்டில் நழுவும் குமிழ்களைக் கையாண்டார். இப்போது ஐந்து விரல்களும் ஐந்து குமிழ்களில் நின்றன. அதோடு, எது உயர்ந்திருக்கிறது, எது தாழ்ந்திருக்கிறது என்பது ஒரே பார்வையில் தெரிந்தது. நழுவும் குமிழின் தனிச்சிறப்பு இதுவே: அது கட்டளையை வாங்கும் கருவி மட்டுமன்று, நிலையைக் காட்டும் அளவுகோலும்கூட.

இங்கேதான் ஸ்லைடு ரூலின் பாடம் திரும்பி வருகிறது. நமது செவி ஒலியைக் கூட்டல் கணக்கில் அறிவதில்லை; மடங்குக் கணக்கில் அறிகிறது. ஒலியின் ஆற்றல் பத்து மடங்கானால்தான், ஏறத்தாழ இருமடங்கு உரத்துக் கேட்பதாக நமக்குத் தோன்றும். ஆகவே ஒலிக்குமிழை மின்னழுத்தத்தோடு நேர் விகிதத்தில் இணைத்தால் என்ன ஆகும்? 100இலிருந்து 50க்கு இறக்கினாலும் 6 டெசிபெல்தான் குறையும். ‘சற்றே குறைந்தது’ என்றுதான் தோன்றும். 10க்கு இறக்கினால் 20 டெசிபெல், 1க்கு இறக்கினால் 40 டெசிபெல் குறையும். அதாவது, குமிழின் மேல்பாதி ஏறக்குறைய வீணாகிறது. கீழே சிறு துண்டுக்குள் எல்லா மாற்றமும் நெருக்கியடித்துக்கொள்கிறது. இதனால்தான் ஒலிக்குமிழ்களுக்கென்றே மடக்கைப் போக்கில் மாறும் தனி மின்தடைகளைச் செய்தார்கள். இன்றும் சில செயலிகளில் ஒலி ஸ்லைடர் கடைசி நுனியில் மட்டும் திடீரென்று அடங்கிப்போவதை நீங்கள் கண்டால், அதை எழுதியவர் இந்தப் பாடத்தை மறந்துவிட்டார் என்று ஊகிக்கலாம்.

கண்ணாடித் திரைக்குள்

1963இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லாண்ட் ‘ஸ்கெட்ச்பேட்’ என்னும் நிரலை உருவாக்கினார். ஒளிப்பேனாவால் திரையில் நேரடியாகப் படம் வரைய அது வழி செய்தது. 1968 டிசம்பர் 9ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கெல்பார்ட் மவுஸைப் பொதுமக்கள் முன் இயக்கிக் காட்டினார். 1970களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு நிலையத்தில் ‘ஆல்ட்டோ’ கணிப்பொறி பிறந்தது. அதன் திரைச் சன்னல்களின் ஓரத்தில் சுருள்பட்டை அமைந்தது. நீண்ட பக்கத்தை மேலும் கீழும் உருட்ட உதவும் இந்தப் பட்டை, ஸ்லைடரின் உடன்பிறப்பு.

1984 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனத்தின் மெக்கின்டாஷ் வந்தது. அதன் கட்டுப்பாட்டுப் பலகையில் ஒலி அளவுக்கு ஒரு ஸ்லைடர் இருந்தது. 0 முதல் 7 வரை எட்டே நிலைகள். மெக்கின்டாஷுக்கு நிரல் எழுதுவோர் இத்தகைய கட்டுப்பாடு ஒன்றைத் திரையில் வைக்க மூன்று எண்களைத் தர வேண்டியிருந்தது: தொடக்க மதிப்பு, மிகக் குறைந்த மதிப்பு, மிக உயர்ந்த மதிப்பு. எண் ஒவ்வொன்றுக்கும் 16 பிட்டுகளே இடம். எனவே உச்ச அளவு 32,767. அதைவிடப் பெரிய அளவு வேண்டுமானால் நிரல் எழுதுபவர் தாமே சுருக்கிக் கணக்கிட வேண்டும்.

குமிழின் இடத்தை எண்ணாக மாற்றும் கணக்கு நமது பள்ளி விகிதக் கணக்கேதான். குமிழ் நகரும் தூரம் 200 திரைப்புள்ளிகள், அளவு 0 முதல் 100 வரை என்று கொள்வோம். 50ஆம் புள்ளியில் குமிழ் நின்றால் மதிப்பு 25. சரி, அதே 200 புள்ளிகளில் 0 முதல் 10,000 வரை அடக்கினால்? ஒரு புள்ளி நகர்ந்தாலே 50 கூடிவிடும். 4,300 கிடைக்கும், 4,350 கிடைக்கும், 4,320 கிடைக்கவே கிடைக்காது. கை எவ்வளவு நிதானமாக இருந்தாலும் பயனில்லை. குறை கையில் இல்லை, அமைப்பில் இருக்கிறது. இதற்கு மருந்தாகத்தான், விசைப்பலகையின் அம்புக்குறியை அழுத்தினால் ஒவ்வொரு படியாகவும், வேறொரு விசையை அழுத்தினால் பெரிய தாவலாகவும் நகரும் ஏற்பாடு சேர்க்கப்பட்டது.

பழக்க மதிப்பின் வல்லமை

ஒவ்வொரு நிரலரும் ஸ்லைடரைப் புள்ளி புள்ளியாக வரைந்துகொண்டிருந்தால் வேலை நடக்குமா? ஆகவே பொத்தான், பட்டியல், ஸ்லைடர் ஆகியவற்றை ஆயத்தமாகச் செய்து தரும் கருவித்தொகுப்புகள் தோன்றின. யூனிக்ஸ் கணிப்பொறிகளுக்கு 1989இல் ‘மோட்டிஃப்’ வந்தது. அதையொட்டிக் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜான் ஆஸ்டர்ஹௌட் ‘டீகே’ என்ற தொகுப்பை உருவாக்கினார். 1995இல் நார்வேயில் பிறந்த ‘க்யூட்’ வெளிவந்தது. அதே ஆண்டில் விண்டோஸ் 95 தனது ஸ்லைடரை அளித்தது. 1998இல் ஜாவா மொழியோடு ‘ஸ்விங்’ சேர்ந்தது.

எதையும் குறிப்பிடாமல் விட்டால் தொகுப்பு தானே ஓர் அளவை எடுத்துக்கொள்ளும். அதைப் பழக்க மதிப்பு எனலாம். இங்கே வேடிக்கை பாருங்கள். மோட்டிஃபில் 0 முதல் 100 வரை. குமிழ் 0இல் நிற்கும். ஸ்விங்கிலும் 0 முதல் 100 வரைதான். ஆனால் குமிழ் நடுவே 50இல் நிற்கும். க்யூட்டிலோ 0 முதல் 99 வரை! எண்ணிக்கை சரியாக நூறு நிலைகள்தான். ஆனால் அளவைக் குறிப்பிட மறந்த நிரலரின் ஸ்லைடர் எவ்வளவு தள்ளினாலும் 100 விழுக்காட்டைத் தொடாது.

பின்ன எண்களுக்கும் ஓர் உபாயம் கண்டார்கள். மோட்டிஃப் உள்ளே முழு எண்ணையே வைத்துக்கொள்ளும். வெளியே காட்டும்போது மட்டும் புள்ளி வைக்கும். 1,234 என்பது 12.34 ஆகத் தெரியும். பைசாவில் கணக்கெழுதி ரூபாயில் காட்டுவது போன்ற முறை இது. டீகேயில் படியின் அளவை நிரலரே குறிப்பிடலாம். கீழே எத்தனைக்கு ஒரு முறை எண் பொறிக்க வேண்டும் என்பதையும் சொல்லலாம்.

இன்னொரு கேள்வியும் எழுந்தது. குமிழ் நகரும்போதே பலனைக் காட்டுவதா, விரலை எடுத்த பிறகு காட்டுவதா? 1990களின் தொடக்கத்தில் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் பென் ஷ்னைடர்மன் குழுவினர் வாஷிங்டன் நகரில் வீடு தேடுவோருக்கென ஒரு நிரல் செய்தனர். விலைக்கு ஒரு ஸ்லைடர், தூரத்திற்கு ஒன்று, படுக்கையறைகளின் எண்ணிக்கைக்கு ஒன்று. குமிழை நகர்த்தும்போதே வரைபடத்தில் வீடுகள் புள்ளிகளாகத் தோன்றின, மறைந்தன. கேள்வியை எழுதி அனுப்பி விடைக்குக் காத்திருந்த மனிதர், கேள்வியைத் தள்ளிப் பார்க்கும் மனிதரானார். ஆனால் கணக்கு கனமானால் திரை திணறும். ஆகவே பிற்காலத் தொகுப்புகள், ‘குமிழ் இன்னும் நகர்கிறதா, நின்றுவிட்டதா’ என்று நிரல் கேட்டறிய வழி செய்துள்ளன.

தொடாத கையின் விடை

இணையப் பக்கங்களுக்கான ஹெச்டிஎம்எல் மொழியின் ஐந்தாம் பதிப்பு 2014இல் தரமாக அறிவிக்கப்பட்டது. அதிலும் ஸ்லைடர் உண்டு: 0 முதல் 100 வரை, படி 1, தொடக்கம் நடுவில். அதற்கு ‘மதிப்பு இல்லை’ என்ற நிலையே கிடையாது. இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். ‘உங்கள் வலி எவ்வளவு?’ என்று ஒரு மருத்துவப் படிவம் ஸ்லைடரால் கேட்கிறது. நோயாளி அந்தக் கேள்வியைப் பார்க்காமலே தாண்டிவிடுகிறார். நிரலர் தனியே ஏற்பாடு செய்யாவிட்டால், பதிவாகும் விடை 50. தொடாத கை ‘பாதி வலி’ என்று சாட்சி சொல்லிவிட்டது! தொட்டவர்களின் விடையும் குமிழ் முதலில் நின்ற இடத்தின் பக்கம் சாயக்கூடும் என்பதைக் கருத்தாய்வு செய்வோர் நன்கு அறிவர்.

கை நடுங்கும் முதியவரை எண்ணுங்கள். இலக்கு சிறுக்கச் சிறுக்க, தொலைவு கூடக் கூட, கை அதை அடைய நேரமாகும் என்று பால் ஃபிட்ஸ் 1954இலேயே அளந்து காட்டினார். சிறு குமிழைப் பிடித்து, விடாமல் இழுத்து, சரியான இடத்தில் விடுவது மூன்று சோதனைகள். பார்வையற்றவருக்கோ குமிழே தெரியாது. அவருக்காக, ஸ்லைடரின் குறைந்த, உயர்ந்த, தற்போதைய மதிப்புகளைத் திரைவாசிப்பானுக்குத் தெரிவிக்கும் விதிகள் 2014இல் தரமாயின. இழுத்துச் செய்யும் எந்தச் செயலுக்கும், இழுக்காமல் தொட்டே செய்யும் மாற்றுவழி வேண்டும் என்ற விதி 2023இல் வலைத்தர வழிகாட்டியில் இடம்பெற்றது. ஸ்லைடருக்கு இரு புறமும் கூட்டல், கழித்தல் பொத்தான்களை வைத்தாலே இது நிறைவேறிவிடும்.

நிரல் பயிலும் இளைஞர்களே, அடுத்த முறை ஸ்லைடர் ஒன்றை அமைக்கும்போது ஐந்து கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இரு எல்லைகளும் பொருளுக்குப் பொருந்துகின்றனவா? தேவையான எண்ணில் குமிழ் நிற்குமா? சம தூரத்திற்குச் சம மாற்றம் வேண்டுமா, சம மடங்கு வேண்டுமா? தொடாதவரின் விடை என்னவாகும்? இழுக்க முடியாதவர் என்ன செய்வார்?

நிரல் எழுதாத வாசகர்களுக்கும் இதில் பங்குண்டு. நீங்கள் விரும்பும் எண்ணில் குமிழ் நிற்க மறுத்தால், கை பழுது என்று உடனே எண்ணிவிடாதீர்கள். எல்லையையும் படியையும் வகுத்தவரின் கணக்கை முதலில் சந்தேகியுங்கள்.