முதலில் இறங்குபவனா, கடைசியில் இறங்குபவனா? ஜாபா சேம்பர்லின் கதை



இந்த வாரம் சோழரும் இல்லை, பிரெஞ்சுப் புரட்சியும் இல்லை. பேஸ்பாலில் பந்து வீசிய ஓர் இளைஞனைப் பற்றி எழுதப்போகிறேன். "சாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்காதீர்கள். விளையாட்டுக்கும் வரலாறு உண்டு. எந்த வேலைக்கு யாரை வைப்பது என்று பெரியவர்கள் தடுமாறிய கதை அதில் நிறைய உண்டு. இது அந்த வகைக் கதை. கொஞ்சம் நீளம்தான். ஞாயிற்றுக்கிழமைதானே, பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஆட்டத்தைப் பற்றி நாலு வரி. பேஸ்பாலில் ஓர் ஆட்டத்துக்கு 9 இன்னிங்ஸ். பந்து வீசுபவருக்குப் பிட்சர் என்று பெயர். ஆட்டத்தைத் தொடங்கி வைப்பவர் ஸ்டார்ட்டர். அவர் சுமார் 100 பந்து வரை வீசுவார், ஐந்து, ஆறு, நல்ல நாளில் ஏழு இன்னிங்ஸ் தாங்குவார். பிறகு நான்கு நாள் ஓய்வு. ஓர் அணியில் இப்படி ஐந்து பேர் முறை வைத்து வீசுவார்கள். ஸ்டார்ட்டர் களைத்ததும் மைதானத்தின் ஓரத்தில் புல்பென் என்ற இடத்தில் காத்திருப்பவர்களில் ஒருவர் வருவார். அவர் ரிலீவர். ஓர் இன்னிங்ஸ், மிஞ்சினால் இரண்டு. முழு வேகத்தில் வீசிவிட்டுப் போய்விடலாம். கடைசி இன்னிங்ஸை முடித்து வைப்பவருக்குக் க்ளோசர் என்று பெயர்.

கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அங்கே முதல் ஓவர் போட்டவரே கடைசி ஓவரும் போடலாம். பேஸ்பாலில் வெளியே போனவர் அந்த ஆட்டத்துக்குத் திரும்ப முடியாது. அதனால்தான் 'யார் முதலில், யார் கடைசியில்' என்பது அங்கே இவ்வளவு பெரிய கேள்வி.

அந்தக் காலத்தில் இந்தக் கேள்வியே கிடையாது. தொடங்கியவரே முடிப்பார். சை யங் என்ற பழைய பிட்சர் தொடங்கிய 815 ஆட்டங்களில் 749 ஆட்டங்களைத் தானே முடித்தார். இன்று சிறந்த பிட்சருக்குக் கொடுக்கும் விருது அவர் பெயரில்தான் இருக்கிறது. ரிலீவர் என்றால் ஸ்டார்ட்டராகத் தேறாதவர், வயதானவர் என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். 1920களில் வாஷிங்டன் அணி ஃபர்போ மார்பெரி என்பவரை ஆட்டத்தின் பின்பாதிக்கென்றே வைத்துக்கொண்டது அன்று புதுமை. வெற்றியைக் காப்பாற்றிக் கொடுக்கும் ரிலீவருக்கு 'சேவ்' என்ற கணக்கு அதிகாரபூர்வமாக வந்ததே 1969-ல்தான். கணக்கு வந்த பிறகு மதிப்பும் வந்தது, சம்பளமும் வந்தது. அதோடு குழப்பமும் சேர்ந்து வந்தது.

இப்போது கதைக்கு வருகிறேன்.

ஜாபா சேம்பர்லின் நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரத்துப் பையன். பிறந்தது 1985. விண்ணபேகோ என்ற அமெரிக்கப் பழங்குடி மரபில் வந்தவர். போலியோவால் பாதிக்கப்பட்ட அப்பாதான் அவரை வளர்த்தார். 2006-ல் நியூயார்க் யாங்கீஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. ஸ்டார்ட்டராகத்தான் பயிற்சி கொடுத்தார்கள். பையன் கீழ்நிலை அணிகளை ஒரே ஆண்டில் தாண்டி மேலே வந்துவிட்டார்.

2007 ஜூலையில் பெரிய அணிக்கு ஒரு தேவை ஏற்பட்டது. எட்டாவது இன்னிங்ஸில் வீச நம்பகமான ஆள் இல்லை. ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு மரியானோ ரிவேரா இருக்கிறார், அவர் வரை ஆட்டத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒருவர் வேண்டும். ஜாபாவை ரிலீவராக மாற்றினார்கள். ஆகஸ்ட் 7, டொராண்டோவில் முதல் ஆட்டம். அந்தப் பருவம் முடிவதற்குள் 19 ஆட்டங்கள், 24 இன்னிங்ஸ், 34 ஸ்ட்ரைக் அவுட். ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக எத்தனை ரன் கொடுத்தார் என்பதுதான் பிட்சரின் முக்கியக் கணக்கு. மூன்று இருந்தால் நல்லது என்பார்கள். ஜாபாவின் கணக்கு 0.38! நியூயார்க் நகரமே அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது.

நிர்வாகம் பயந்தது, தப்பில்லை. எதிர்கால ஸ்டார்ட்டரின் கை. அதனால் விதிகள் போட்டார்கள்: அடுத்தடுத்த நாள் வீசக் கூடாது, ஓர் இன்னிங்ஸ் வீசினால் ஒரு நாள், இரண்டு வீசினால் இரண்டு நாள் ஓய்வு. 'ஜாபா விதிகள்' என்று பத்திரிகைகள் பெயரே வைத்துவிட்டன.

அக்டோபர் 5-ல் கிளீவ்லாந்தில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். எட்டாவது இன்னிங்ஸ். யாங்கீஸ் 1-0 என்று முன்னிலை. ஈரி ஏரியிலிருந்து கிளம்பிய சின்னப் பூச்சிகள் கூட்டங்கூட்டமாக மைதானத்துக்குள் வந்தன. ஜாபாவின் கழுத்து, முகம், கை எங்கும் பூச்சி. பூச்சி மருந்து அடித்தும் போகவில்லை. அவர் வீசிய பந்து கேட்சர் கையில் சிக்காமல் போக, எதிரணி சமன் செய்தது. 11-வது இன்னிங்ஸில் யாங்கீஸ் 2-1 என்று தோற்றது.

அடுத்த ஆண்டு வாதம் வெடித்தது. ஒரு பக்கம், "நன்றாகப் போவதை ஏன் கெடுக்க வேண்டும்? எட்டாவது இன்னிங்ஸுக்கு ஜாபா, ஒன்பதாவதுக்கு ரிவேரா. அப்புறம் எவன் ஜெயிப்பான்?" மறுபக்கம், "ஆண்டுக்கு 180 இன்னிங்ஸ் வீசக்கூடிய ஆளை 65 இன்னிங்ஸில் அடைத்து வைப்பதா?" ஏப்ரல் 2008-ல் உரிமையாளர் குடும்பத்தின் ஹாங்க் ஸ்டைன்பிரென்னரே ஜாபா ஸ்டார்ட்டராக வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசினார். ஜூன் 3-ல் மாற்றினார்கள். அன்று மூன்றாவது இன்னிங்ஸைக்கூட முடிக்கவில்லை. ஆனால் ஜூலை 25-ல் பாஸ்டன் மைதானத்தில் ஏழு இன்னிங்ஸ் ஒரு ரன்கூடக் கொடுக்காமல் வீசினார். யாங்கீஸ் 1-0 என்று வென்றது. கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்றே பலர் நினைத்தார்கள்.

பத்து நாளில், டெக்சாஸில், தோள்பட்டையில் வலி. சில வாரம் கழித்துத் திரும்பியபோது மறுபடியும் ரிலீவர். 2009-ல் மறுபடியும் ஸ்டார்ட்டர். 31 ஆட்டங்களைத் தொடங்கினார். மொத்த இன்னிங்ஸுக்கு வரம்பு வைத்திருந்ததால் பருவக் கடைசியில் மூன்று, நான்கு இன்னிங்ஸிலேயே வெளியே எடுத்தார்கள். 9 வெற்றி, 6 தோல்வி, கணக்கு 4.75. அக்டோபரில் மறுபடியும் புல்பென். அந்த ஆண்டு யாங்கீஸ் உலகத் தொடரை வென்றது உண்மைதான். ஆனால் 2007 கோடையிலிருந்து எண்ணிப் பாருங்கள், இரண்டே கால் ஆண்டில் ஐந்து முறை வேலை மாற்றம்.

அதற்குப் பிறகு அவர் ஓர் ஆட்டத்தைக்கூடத் தொடங்கவில்லை. 2011-ல் முழங்கையில் டாமி ஜான் அறுவை சிகிச்சை. பிறகு அணி மாறி அணி. 2016-க்குப் பிறகு பெரிய அணி எதிலும் வீசவில்லை. வாழ்நாளில் தொடங்கிய ஆட்டங்கள் மொத்தம் 43.

வகுப்பில் நான் எப்போதும் சொல்வது உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு சம்பவத்தை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. பக்கத்தில் நாலு சம்பவத்தை வைத்துப் பார்க்க வேண்டும்.

ஆடம் வெயின்ரைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2006-ல் செயிண்ட் லூயிஸ் அணியில் அவரும் இளம் ரிலீவர்தான். வழக்கமான க்ளோசருக்குக் காயம் ஏற்பட, அக்டோபரில் அந்த இடத்துக்கு வந்தார். உலகத் தொடரின் கடைசி ஸ்ட்ரைக் அவுட் அவர் எடுத்ததுதான். ஜாபாவுக்கு வந்த அதே ஆசை அங்கேயும் வந்திருக்கும் அல்லவா? ஆனால் அடுத்த ஆண்டே ஸ்டார்ட்டராக்கினார்கள், அப்படியே விட்டார்கள். அவருக்கும் 2011-ல் அதே அறுவை சிகிச்சை, ஓர் ஆண்டு முழுக்க வீணானது. திரும்பி வந்தார். 2023-ல் 200 வெற்றிகளோடு ஓய்வு பெற்றார்.

பெட்ரோ மார்ட்டினெஸ் கதை இன்னும் சுவையானது. 1993-ல் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணியில் 65 ஆட்டங்களில் இறங்கினார், தொடங்கியது இரண்டே இரண்டு. உடம்பு ஒல்லி, ஸ்டார்ட்டர் வேலையைத் தாங்காது என்று மேலாளர் டாமி லசோர்டா நினைத்தார். மாண்ட்ரியலுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே ஸ்டார்ட்டரானார். 1997, 1999, 2000 என்று மூன்று முறை சை யங் விருது. ஆளைப் பார்த்து அளந்தவர்கள் திறமையை அளக்கத் தவறினார்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. பாஸ்டனில் டேனியல் பார்ட் அருமையான ரிலீவர். 2012-ல் ஸ்டார்ட்டராக்கினார்கள். கட்டுப்பாடு போய்விட்டது. நினைத்த இடத்தில் பந்து விழவில்லை. ஜூனில் கீழ்நிலை அணிக்கு அனுப்பினார்கள். மீண்டும் பெரிய அணியில் நிலைக்க அவருக்கு 2020 வரை ஆயிற்று. 1976-ல் சிகாகோ வைட் சாக்ஸ் அணி கூஸ் காசேஜ் என்ற சிறந்த ரிலீவரை ஸ்டார்ட்டராக்கியது. 9 வெற்றி, 17 தோல்வி. அடுத்த ஆண்டு ரிலீவராகவே திரும்பினார், அந்த வேலையிலேயே ஹால் ஆஃப் ஃபேம் வரை போனார். ஜாபாவுக்குப் பின்னால் ஒன்பதாவது இன்னிங்ஸில் வந்த ரிவேராவே 1995-ல் ஸ்டார்ட்டராகத்தான் அறிமுகமானார். பத்து ஆட்டம் தொடங்கினார், அந்த ஆண்டின் கணக்கு 5.51. ரிலீவராகி 652 சேவ் எடுத்தார். அவரைத் தேறாதவர் என்று யாராவது சொல்வார்களா?

அப்படியென்றால் விதி என்ன? நான் படித்துப் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

ஒன்று, கையில் எத்தனை வகைப் பந்து இருக்கிறது. ஸ்டார்ட்டர் அதே பேட்டரை ஒரே ஆட்டத்தில் மூன்று முறை சந்திக்கிறார். மூன்றாவது முறை வரும்போது பேட்டருக்கு எல்லாம் பழகிவிடும். ஒன்றிரண்டு வகையை வைத்துச் சமாளிப்பது கடினம். ரிலீவருக்கு அந்தத் தொல்லை இல்லை. ரிவேரா பெரும்பாலும் ஒரே பந்தை, கட்டரை, வைத்தே ஆண்டுக்கணக்கில் வென்றார்.

இரண்டு, கைக்குப் பாரம் படிப்படியாகத்தான் ஏற வேண்டும். பால்டிமோர் அணியின் பழைய மேலாளர் ஏர்ல் வீவர் இளம் பிட்சர்களை முதலில் நீண்ட நேர ரிலீவராக வைத்துப் பழக்குவார். அது தண்டனை இல்லை, தொழில் கற்றுக்கொள்ளும் இடம். பின்னாளில் மின்னசோட்டாவில் யோஹான் சந்தானா, சிகாகோவில் கிறிஸ் சேல் இருவரும் அந்த வழியாகத்தான் ஸ்டார்ட்டரானார்கள், இருவருமே சை யங் விருதும் பெற்றார்கள்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். முடிவு செய்துவிட்டு அதில் நிற்க வேண்டும். வெயின்ரைட்டுக்கும் ஜாபாவுக்கும் நான் காணும் பெரிய வித்தியாசம் இதுதான். யாங்கீஸ் அவரை ஸ்டார்ட்டராக்க ஆசைப்பட்டதில் தவறில்லை. இன்றைய ஆட்டத்தை ஜெயிக்க வேண்டும், நாளைய ஸ்டார்ட்டரை வளர்க்க வேண்டும், கையையும் காப்பாற்ற வேண்டும் என்று மூன்று ஆசைகளையும் ஒரே பையன் தோளில் ஏற்றினார்கள். அந்தத் தோள்தான் முதலில் வலித்தது. எப்படி வைத்திருந்தாலும் அந்தக் கை காயப்பட்டிருக்கும் என்று வாதிடுபவர்கள் உண்டு. 2008 காயத்துக்குப் பிறகு பழைய வேகம் வரவில்லை என்பதும் உண்மை. அந்த வாதத்தை நான் தள்ளவில்லை. ஆனால் காயம் பட்டவனுக்கும் தன் வேலை எது என்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணன் மகள் போனில் கேட்டாள்: "சித்தப்பா, பையனைக் கடைசி இரண்டு இன்னிங்ஸுக்கு மட்டும்தான் இறக்குகிறார்கள். போய்ச் சண்டை போடட்டுமா?" பையனுக்கு 14 வயது. சண்டை வேண்டாம் என்றேன். அந்த வயதில் ஸ்டார்ட்டரா ரிலீவரா என்பதைவிட எத்தனை பந்து, எத்தனை நாள் ஓய்வு என்பதுதான் கேள்வி. 2014-ல் மேஜர் லீக் பேஸ்பாலும் யு.எஸ்.ஏ. பேஸ்பாலும் சேர்ந்து 'பிட்ச் ஸ்மார்ட்' என்று வழிகாட்டி வெளியிட்டன. 13, 14 வயதுக்கு ஒரு நாளைக்கு அதிகபட்சம் 95 பந்து. பந்துகள் கூடக் கூட ஓய்வு நாளும் கூடும். ஆண்டில் குறைந்தது நான்கு மாதம் பந்து வீசவே கூடாது. பள்ளி அணி, வெளி அணி என்று இரண்டு இடத்தில் விளையாடினால் இரண்டையும் கூட்டிக் கணக்கு வைக்க வேண்டியது பெற்றோர்தான். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி எழுதி வை என்றேன். பயிற்சியாளரிடம், "அடுத்த ஆண்டுக்கு இவனைப் பற்றி என்ன திட்டம்?" என்று மரியாதையாகக் கேட்கவும் சொன்னேன். திட்டம் இருக்கிற இடத்தில் கடைசி இரண்டு இன்னிங்ஸ் நல்ல பள்ளிக்கூடம்.

உங்களில் பலர் இன்று நாலு பேருக்கு மேலதிகாரி. புதிதாக வந்த கெட்டிக்காரப் பிள்ளையை, எங்கெல்லாம் ஓட்டை விழுகிறதோ அங்கெல்லாம் அடைக்க அனுப்புவது சுலபம். அவனும் உற்சாகமாக ஓடுவான், மூன்று ஆண்டு ஓடுவான். அவன் எதில் வளர வேண்டும் என்று யாராவது ஒருவர் யோசித்து, அவனிடமே சொல்லிவிடுங்கள். அவன் அதற்கு மாட்டேன் என்றால் அதையும் காது கொடுத்துக் கேளுங்கள். 2012-ல் கை வலிக்குப் பயந்து கிறிஸ் சேலை க்ளோசராக்கியபோது அவர் ஒப்புக்கொள்ளாமல் வாதாடினார். பரிசோதித்துப் பார்த்துத் திரும்ப ஸ்டார்ட்டராக்கினார்கள். அந்த ஆண்டு 17 வெற்றி. 2024-ல், 35 வயதில், சை யங் விருது வாங்கினார்.

பேஸ்பால் தெரிந்தவர்கள் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். ஜாபாவை நீங்கள் எங்கே வைத்திருப்பீர்கள்? எட்டாவது இன்னிங்ஸிலா, முதல் இன்னிங்ஸிலா? காரணத்தோடு எழுத வேண்டும். காரணம் இல்லாத விடைக்கு நான் எப்போதும் அரை மதிப்பெண்தான் போடுவேன், தெரியுமே!