உறுப்பு மாற்று மருந்துகளும் வாய்ப் பூஞ்சைத் தொற்றும்: ஒரு வரலாற்று ஆய்வு

முன்னுரை

சிறுநீரகமோ கல்லீரலோ மாற்றிக்கொண்டவர்கள், உடல் அதை நிராகரிக்காமல் இருக்க, நோய் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளைப் பெரும்பாலும் ஆயுள் முழுக்க உட்கொள்கிறார்கள். அதன் பக்கவிளைவு வாயிலும் தெரியும். நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர் திரண்டாற்போல வெண்படலம் படியும். காஸ் துணியால் வழித்தால் படலம் பெயர்ந்து, அடியில் சிவந்த புண் தெரியும். சில வேளை இரத்தமும் கசியும். நலமாக உள்ள பலரின் வாயிலும் தீங்கின்றி வாழும் கேண்டிடா ஆல்பிகன்ஸ் என்ற பூஞ்சையே பெரும்பாலும் இதற்குக் காரணம். மாற்று மருந்துகளின் வளர்ச்சியோடு இத்தொற்றும் அதன் சிகிச்சையும் மாறிவந்த வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஸ்டீராய்டுக் காலம்

1954 டிசம்பரில் பாஸ்டனில் ஜோசப் மர்ரே குழுவினர் செய்த முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்றில், கொடுத்தவரும் பெற்றவரும் ஒரு கரு இரட்டையர். எதிர்ப்பாற்றலை அடக்க வேண்டியிருக்கவில்லை. மற்றவர்களுக்கும் உறுப்பு நிலைக்க வழி செய்தது 1960களில் பரவிய அசாதயோபிரின், பிரெட்னிசோன் கூட்டு மருந்துமுறை. தாமஸ் ஸ்டார்சல் 1963இல் அதன் பயனை நிறுவினார். 1971இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று நடந்ததும் இக்காலத்தில்தான். உறுப்பு நிலைத்தது, ஆனால் பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு வெள்ளணுக்களின் காவலைத் தளர்த்தியதால் பூஞ்சைக்கு இடம் கிடைத்தது.

அதற்கான மருந்து அப்போதே கையில் இருந்தது. நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறையின் எலிசபெத் ஹேசன், மண்ணிலிருந்து நுண்ணுயிரிகளை வளர்த்துக் கண்ணாடிக் குடுவைகளில் ஆல்பனி நகருக்குத் தபாலில் அனுப்புவார். அங்கே ரேச்சல் பிரவுன் மருந்துப்பொருளைப் பிரித்தெடுத்துத் திருப்பி அனுப்புவார். வர்ஜீனியாப் பண்ணை ஒன்றின் மண்ணில் கிடைத்த நிஸ்டாட்டினை இருவரும் 1950இல் அறிவித்தனர்.

மண்ணில் பிறந்த புதிய மருந்துகள்

எதிர்ப்பாற்றலை அடக்கும் அடுத்த தலைமுறை மருந்துகள் சில, பூஞ்சையை ஒழிக்கும் தேடலிலேயே கிடைத்தன. நார்வேயின் ஹார்டங்கர்விடா மேட்டுநில மண்ணிலிருந்து வந்த சைக்ளோஸ்போரினுக்குப் பூஞ்சையை எதிர்க்கும் திறன் குறைவு. எதிர்ப்பாற்றலை அடக்கும் அதன் திறனை ழான் போரெல் 1976இல் வெளியிட்டார். 1978இல் ராய் கால்ன் அதை நோயாளிகளுக்குக் கொடுத்தார். ஈஸ்டர் தீவு மண்ணில் கிடைத்த ராபமைசின், ஆய்வுக்கூடத்தில் கேண்டிடாவையே ஒடுக்கியது. சிரோலிமஸ் என்ற பெயரில் 1999இல் அமெரிக்காவில் அது சிறுநீரக மாற்றுக்கு ஒப்புதல் பெற்றது.

ஆயினும் இவை நோயாளியின் வாயைக் காக்கவில்லை. வாயின் மென்சவ்வுக்கு வெள்ளணுக்களை வரவழைப்பதில் டி செல்களுக்குப் பெரும் பங்குண்டு. இம்மருந்துகள் அடக்குவது அந்த டி செல்களைத்தான். சிரோலிமஸ் தானாகவே வாய்ப்புண்ணை உண்டாக்குவதால், புண் எதனால் வந்தது என்று பிரித்தறிவதும் கடினமாகிறது.

அசோல் மருந்துகளின் சிக்கல்

அசோல் வகைப் பூஞ்சை எதிர்ப்பு மருந்துகளான கீட்டோகோனசோல் 1981இலும் ஃபுளூகோனசோல் 1990இலும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றபின் சிகிச்சை எளிதானது. புதிய ஆபத்தும் சேர்ந்தது. சைக்ளோஸ்போரினையும் அதைப் போன்ற மாற்று மருந்தான டாக்ரோலிமஸையும் சிதைக்கும் கல்லீரல் நொதியை இவை தடுக்கின்றன. இரத்தத்தில் அம்மருந்துகளின் அளவு ஏறினால் சிறுநீரகம் பாதிக்கப்படும். அளவைக் குறைத்துக் கொடுத்துவரும்போது அசோலை நிறுத்திவிட்டால், மாற்று மருந்தின் இரத்த அளவு தேவைக்குக் கீழே இறங்கி உறுப்பு நிராகரிக்கப்படலாம். நிஸ்டாட்டினோ குடலில் ஏறக்குறைய உறிஞ்சப்படுவதே இல்லை; ஆகவே மாற்று மருந்துகளின் அளவை அது மாற்றுவதில்லை. வாயில் சில நிமிடம் வைத்துக் கொப்பளிக்கும் அந்த மருந்து இன்றும் வழக்கில் நிலைப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

முடிவுரை

உறுப்பைக் காத்த ஒவ்வொரு மருந்தும் வாயைக் காக்கும் பொறுப்பைக் கூட்டியே வந்திருக்கிறது. ஆகவே மாற்று நோயாளியின் ஒவ்வொரு பரிசோதனையிலும் வாயைத் திறந்து பார்ப்பதை மருத்துவர்கள் வழக்கமாக்க வேண்டும். நோயாளிகளும் வாயில் வெண்படலம் கண்டால் கடையில் தாமாக ஃபுளூகோனசோல் வாங்கி விழுங்காமல், மாற்று மருத்துவக் குழுவிடம் காட்ட வேண்டும்.