டோகிமாட்சோ: காசும் வாக்கும்

டோகிமாட்சோ (கிரேக்க வினைச்சொல்): சோதித்துப் பார்த்தல், சோதித்துத் தேறியதை ஏற்றல். 'ஏற்கத் தக்க' எனப் பொருள்படும் 'டோகிமோஸ்' என்பதன் வழிவந்தது.

ஏதென்ஸ் சந்தையில் காசு சோதிப்பவருக்கு 'டோகிமாஸ்டேஸ்' என்று பெயர். வெள்ளிப் பூச்சுக்குள் செம்போ ஈயமோ தெரிந்தால், அந்தக் காசை அங்கேயே வெட்டிவிட வேண்டும் என்றது கி.மு. 375/374-இன் சட்டம்.

தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் கடிதத்தில் பவுல் 'டோகிமாட்சோ' என்ற சொல்லைத் தீர்க்கதரிசனத்தை ஒட்டியே வைக்கிறார் (5:20-21): வாக்கை அற்பமாக எண்ணாதீர்கள், ஆனால் எல்லாவற்றையும் சோதியுங்கள். கொரிந்துச் சபைக்கு எழுதிய முதல் கடிதத்திலோ, இரண்டு மூன்று பேர் வாக்குரைக்க மற்றவர்கள் நிதானித்துப் பார்க்கச் சொல்கிறார் (14:29). அங்கே வரும் சொல் 'டியாக்ரினோ', பகுத்தறிதல். தொடக்ககாலக் கிறிஸ்தவ நூலான 'டிடாக்கே' தரும் உரைகல் இன்னும் எளிது: ஆவியின் பெயரால் தனக்குப் பணம் கேட்பவருக்குச் செவிகொடுக்காதீர்கள்.

சோதிப்பது அவமதிப்பாகாது. மதிப்புள்ளதைத்தானே உரைத்துப் பார்க்கிறோம்!