திரையில் நரைத்த தலைகள்

போன ஆடிப் பெருக்கன்று சாயங்காலம் டிவியில் 'வியட்நாம் வீடு' ஓடிக்கொண்டிருந்தது. அன்று காலையில்தான் என் மனைவியை ஆற்றங்கரைக்கு அழைத்துப் போய் வந்திருந்தேன். கழுத்தில் புது மஞ்சள் கயிறுகூட இருந்தது. ஆனாலும், "இன்னிக்கு ஆத்துக்குப் போகலியாங்க?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டாள். இரண்டு வருஷமாக அவளுக்கு மறதி நோய். காலையில் சாப்பிட்டது மதியம் நினைவில் இருக்காது.

திரையில் பத்மினி வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இத நான் பாபநாசத்துல கொட்டகையில பார்த்தேன். எங்கம்மா அழுத அழுகையில எனக்குப் படமே தெரியல" என்றாள். பதினாலு வயதில் பார்த்த படம்! அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. முதுமையையும், நினைவையும், நாள்பட்ட அன்பையும் நம் தமிழ் சினிமா எப்படிக் காட்டி வந்திருக்கிறது என்று யோசித்துக்கொண்டே படுத்திருந்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்தக் காலத்து டூரிங் டாக்கீஸ் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். தரை டிக்கெட் வாங்கி, மணலைக் குவித்து மேடாக்கி உட்காருவோம். பின்னால் இருப்பவர் சத்தம் போடுவார். ஒரே புரொஜெக்டர்தான்; ரீல் மாற்ற மூன்று நான்கு இடைவேளை விடுவார்கள். அந்த இடைவேளையில் முறுக்கு, சோடா விற்றுக்கொண்டு பையன்கள் வருவார்கள். எங்கள் அம்மாபேட்டைப் பக்கத்துக் கிழவர்கள் பலருக்கு அதுதான் ஊரைவிட்டு வெளியே போகாமல் பார்த்த உலகம். ஆனால் அந்த உலகத்தில் கிழவர்களுக்கு என்ன இடம் இருந்தது?

தமிழ் சினிமாவின் முதுமை நாடக மேடையிலிருந்து வந்தது. பாய்ஸ் கம்பெனிகளில் பன்னிரண்டு வயதுப் பையன் கிழவனாக வருவான், கிழவியாகவும் வருவான். கைத்தடி, கூன், இருமல், நடுங்கும் விரல் என்று நான்கு அடையாளம் போதும். சினிமாவுக்கு வந்த நடிகர்கள் அந்தப் பாடத்தைக் கையோடு கொண்டுவந்தார்கள்.

தமிழ்த் திரையில் நாடே கொண்டாடிய கிழவி என்றால் ஒளவையார். 1953-ல் ஜெமினி எடுத்த படம்; இயக்கியவர் கொத்தமங்கலம் சுப்பு. காவிரிக்கரைக் கொடுமுடியில் பிறந்த கே.பி. சுந்தராம்பாள் ஒளவையாக வந்தார். கல்யாணம் வேண்டாம் என்று இளமையிலேயே முதுமையை வரமாகக் கேட்டுப் பெற்றவள் ஒளவை. அதில் நடித்தவர் கதையைப் பாருங்கள். கணவர் எஸ்.ஜி. கிட்டப்பா 1933-ல் இறந்தபோது அவருக்கு வயது 27. அம்மையாருக்கு 25. அன்று வெள்ளைச் சேலை உடுத்தியவர், இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்து, 1980-ல் கண்மூடும்வரை அப்படியே இருந்தார். 47 வருஷம்! திரையில் காதலை மறுத்த கிழவியாக நின்றவருக்குள் அத்தனை நீளமான ஒரு காதல் இருந்திருக்கிறது. அது அவர் குரலில் இருந்தது என்று என் தகப்பனார் சொல்வார்.

அடுத்து நம் ஊர் அப்பர். 1967-ல் ஏ.பி. நாகராஜன் எடுத்த 'திருவருட்செல்வர்' படத்தில் சிவாஜி திருநாவுக்கரசராக வந்தார். அப்போது அவருக்கு நாற்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. காஞ்சிப் பெரியவரைப் பார்த்து அந்த வேஷத்தை அமைத்துக்கொண்டார் என்பார்கள். அதுவரை இருமலும் தடியுமாக இருந்த திரை முதுமைக்கு அதில் ஒரு கம்பீரம் கிடைத்தது.

அப்பர் பற்றி நம் திருவையாற்றில் சொல்லும் கதையையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். தள்ளாத வயதில் கயிலைக்குக் கிளம்பினார். கால் தேய்ந்து, கை தேய்ந்து, உடம்பால் உருண்டு போனார். கடைசியில் ஒரு பொய்கையில் மூழ்கித் திருவையாற்றுக் குளத்தில் எழுந்தார். அங்கே என்ன கண்டார்? யானை தன் பிடியோடு வருகிறது, சேவல் பெடையோடு வருகிறது, அன்னம் துணையோடு வருகிறது. ஒவ்வொரு ஜோடியையும் அம்மையப்பனாகவே பார்த்தார். வாழ்நாள் முழுக்கத் துறவியாக இருந்த கிழவருக்குக் கிடைத்த தரிசனம், ஜோடி ஜோடியாக நடந்துபோகும் உயிர்கள்தான். இன்றும் ஆடி அமாவாசையன்று அந்த விழாவுக்குக் கூட்டம் தாங்காது.

பிறகு 1970-ல் 'வியட்நாம் வீடு'. சிவாஜி நாடக மன்றத்தின் நாடகம் அது. சுந்தரம் எழுதியது, படமாக இயக்கியவர் பி. மாதவன். பூர்வீகம் சூரக்கோட்டை என்பதால் சிவாஜியைத் தஞ்சாவூர்க்காரர்கள் எப்போதுமே நம்ம ஆள் என்று சொல்லிக்கொள்வோம். பிரஸ்டீஜ் பத்மநாபன் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார். அதுவரை அவர் குரலுக்கு அடங்கிய வீடு மெல்ல மெல்ல வேறு குரல்களைக் கேட்க ஆரம்பிக்கிறது. மனைவி சாவித்திரி ஒருத்திதான் கடைசிவரை அதே ஆளாக இருக்கிறாள். 22 வயதில் பார்த்தபோது எனக்கு அந்த மனிதர் மேல் எரிச்சல்தான் வந்தது. எதற்கு இத்தனை வீராப்பு என்று நினைத்தேன். வருவாய்த் துறையில் வேலை பார்த்து 58 வயதில் நான் ஓய்வு பெற்ற மறுநாள் காலையில், சட்டை போட்டுக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் திண்ணையில் உட்கார்ந்தபோதுதான் அவர் யார் என்று புரிந்தது.

ஆனால் அந்தப் படத்தில் ஒரு குறை. அந்தக் காலத்தில் எனக்கு அது தெரியவில்லை. சாவித்திரிக்கு முதுமை இல்லையா? அவளுக்கு மூட்டு வலிக்காதா? கிழவரின் துக்கத்தைத் தாங்குவதற்கென்றே அவள் படைக்கப்பட்டிருக்கிறாள்.

பதினைந்து வருஷம் கழித்து அதே சிவாஜி, பாரதிராஜாவின் 'முதல் மரியாதை' படத்தில் ஊர்ப் பெரியவராக வந்தார். வயதை நடிக்கத் தேவையில்லாத வயது அவருக்கு. கண் பார்வையிலேயே பாதிக் கதையைச் சொல்லிவிட்டார். உயிர் போகாமல் ஒருத்திக்காகக் காத்துக் கிடக்கும் மனிதர், அவரைச் சுற்றி விரியும் நினைவு. அந்தப் படத்து ஆற்றைப் பார்த்து இது எந்த ஊர் என்று பேசிக்கொண்டோம். கர்நாடகத்தில் சிவசமுத்திரம், தலக்காடு பக்கம் எடுத்தார்கள். நம் காவிரிதான், நம்மிடம் வந்து சேருவதற்கு முந்தைய காவிரி.

அருமையான படம். அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. பெரியவரின் காதல் நமக்கு நியாயமாகப் படவேண்டும் என்பதற்காக மனைவியை வாய்த்துடுக்குக்காரியாக வைத்துவிட்டார்கள். வடிவுக்கரசி அதைப் பிரமாதமாகச் செய்தார். ஆக, நெடுநாள் மனைவி என்றால் ஒன்று தெய்வம், இல்லையென்றால் பேய். நடுவில் இருக்கும் சாதாரணப் பெண்பிள்ளைக்கு ரொம்ப நாள் திரையில் இடம் கிடைக்கவில்லை.

வேஷம் இல்லாத முதுமையைக் காட்டியவர் பாலுமகேந்திரா. 'வீடு' (1988), 'சந்தியா ராகம்' (1989) இரண்டிலும் பழைய நாடகக்காரர் சொக்கலிங்க பாகவதரை வைத்துப் படம் எடுத்தார். 'வீடு' படத்தில், பாதி கட்டி நிற்கும் வீட்டை அந்தத் தாத்தா தனியாகப் பார்க்கப்போகும் காட்சியை மறக்க முடியாது. 'சந்தியா ராகம்' படத்தில் மனைவி போனபின் கிராமத்தை விட்டுச் சென்னைக்கு வரும் கிழவர். சின்ன வீடு, சின்னச் சம்பளம். யாரும் கெட்டவர்கள் இல்லை, இடம்தான் இல்லை. 1953-லேயே ஜப்பானில் ஓசு என்ற இயக்குநர் 'டோக்கியோ ஸ்டோரி' படத்தில் இதையேதான் சொன்னார்: பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வரும் அப்பா அம்மா, வேலையில் ஓடும் பிள்ளைகள். பேரன் புண்ணியத்தில் செல்போனில் பார்த்தேன். நம்ம கும்பகோணத்துக் குடும்பம் மாதிரியே இருந்தது.

இந்தக் காலத்துப் படங்களுக்கு வருவோம். இளைஞர்களே எடுக்கும் படங்களில் நினைவுதான் கதாநாயகன். பிரேம்குமாரின் '96' (2018) தஞ்சாவூர்ப் பள்ளிக்கூடத்தில் தொடங்குகிறது. சேராமல் போன காதலை ஒரு ராத்திரி முழுக்கப் பேசித் தீர்க்கிறார்கள். தனுஷ் இயக்கிய 'ப. பாண்டி' (2017) படத்தில் ராஜ்கிரண் வயதான காலத்தில் பழைய காதலியைத் தேடிப் புறப்படுகிறார். நன்றாகத்தான் இருந்தன. ஆனால் ஒரு சந்தேகம். கிடைக்காமல் போனவளை நினைவில் வைத்திருப்பது அவ்வளவு கஷ்டமா? அவளுக்கு வயதே ஆகாது. ஐம்பது வருஷம் கூடவே இருந்து, கண்முன்னால் வயதாகிறவளை நேசிப்பதைப் பற்றி எத்தனை படம் வந்திருக்கிறது?

எனக்குத் தெரிந்து 'பண்ணையாரும் பத்மினியும்' (2014) ஒன்று. ஜெயப்பிரகாஷும் துளசியும் கணவன் மனைவி. பக்கத்தில் மனைவியை உட்காரவைத்துத் தானே கார் ஓட்டவேண்டும் என்று ஒரு பெரியவர் ஆசைப்படுகிறார். அவ்வளவுதான் கதை. இன்னொன்று மணிரத்னத்தின் 'ஓ காதல் கண்மணி' (2015). இளஞ்ஜோடியின் கதைதான், ஆனால் எனக்கு மனதில் நிற்பது அந்த வீட்டுப் பெரியவர்கள். பிரகாஷ்ராஜ், மறதி நோய் வந்த பாட்டுக்கார மனைவியாக லீலா சாம்சன். அவள் வழி தெரியாமல் போய்விட, எல்லோரும் தேடுகிறார்கள். அந்தக் காட்சி வந்தபோது நான் சாதாரணமாகத்தான் பார்த்தேன். இப்போது வாசல் கதவுக்கு உள்பூட்டுப் போட்டிருக்கிறேன்.

கடைசியாக 'மெய்யழகன்' (2024). தஞ்சாவூரை விட்டுப் போனவர், பல வருஷம் கழித்து நீடாமங்கலத்துக் கல்யாணத்துக்கு வருகிறார். தன்மேல் அத்தனை பிரியம் வைத்திருக்கும் ஒருவனின் பெயர் அவருக்கு ஞாபகம் வரவில்லை. படம் முழுக்க அந்தப் பெயருக்காகத் தவிக்கிறார். தியேட்டரில் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

இதை எழுதக் காரணமே அந்தப் பெயர் விஷயம்தான். நோய் தெரிய ஆரம்பித்த புதிதில் டாக்டரிடம் போனோம். தேதி, மாதம், ஊர் எல்லாம் கேட்டார். சிலதுக்குத் தடுமாறினாள். பிறகு என்னைக் காட்டி, "இவர் யாரு? பேர் என்ன?" என்றார். தலையைக் குனிந்துகொண்டாள். பதில் இல்லை. டாக்டர் என்னைப் பார்த்தார், ஏதோ குறித்துக்கொண்டார்.

டாக்டர் சின்ன வயசு. அவருக்கு எப்படிச் சொல்வது? 1975-ல் கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் என் பெயரைச் சொன்னதே இல்லை. "என்னங்க", "இங்க பாருங்க" இவைதான். ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவரைச் சொல்லச் சொல்வாள். என் 60 முடிந்தபோது பிள்ளைகள் திருக்கடையூருக்கு அழைத்துப் போனார்கள். எமனை உதைத்த சாமி சன்னதியில் இரண்டாவது தடவை தாலி கட்டினேன். ஐயர் கணவர் பெயரைச் சொல்லுங்கள் என்றதும் வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டு மகளைப் பார்த்தாள். அன்று அது வெட்கம். டாக்டர் முன்னால் அவள் குனிந்தது வெட்கமா, மறதியா? இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் தைரியம் இல்லை.

'வியட்நாம் வீடு' முடிந்ததும் டிவியை நிறுத்தினேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். பிறகு, "பாவங்க அந்தம்மா" என்றாள். சிவாஜியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஐம்பது வருஷம் சினிமா பார்த்த நான் எழுபது வயதுக்கு மேல் கண்டுபிடித்த குறையை, அவள் கொட்டகை மணலில் உட்கார்ந்தே தெரிந்துகொண்டிருக்கிறாள் போல.

"மாத்திரை போட்டீங்களா?" என்று அடுத்துக் கேட்டாள். மாத்திரை அவளுக்குத்தான். "போட்டாச்சு" என்று சொல்லிவிட்டு அவளுக்குத் தண்ணீர் எடுத்துவரப் போனேன்.