தாழ்ப்பாள் வித்தை

இத்தாலி தேசத்துக் கால்பந்தாட்டத்தின் சரித்திரத்தை எழுதப் புகுகிற எவரும் ‘கட்டெனாச்சோ’ என்ற ஒரு சொல்லைத் தாண்டிப் போக முடியாது. அச்சொல்லுக்கு அவர்கள் பாஷையில் தாழ்ப்பாள் என்றே பொருள். எதிரியைத் தாக்கிக் கோல் போடுவதைவிட எதிரி நம் வாசலுக்குள் நுழையாதபடி கதவைச் சாத்தித் தாழிடுவதே முதற்கடமை என்னும் கொள்கைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திராது. அந்தத் தாழ்ப்பாளைத் தம் இளமையில் காவல்வீரராக நின்று போட்டவரும், நடுவயதில் ஒரு தொழிற்சாலைக்கு நிகரான ஒழுங்குடன் பிறருக்குக் கற்பித்தவரும், முதுமையில் அதையே எடுத்துக்கொண்டு தேசம் தேசமாகச் சென்றவருமான ஜொவான்னி டிராபட்டோனியின் விருத்தாந்தம், ஒரு தனி மனிதரின் வாழ்க்கை என்பதைவிட ஒரு தொழிலின் உற்பத்தியையும் உன்னதத்தையும் க்ஷீணத்தையும் சொல்லும் கதை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இந்த வித்தை இத்தாலியில் தோன்றியதன்று. 1930களில் சுவிட்சர்லாந்தில் பயிற்சியாளராயிருந்த கார்ல் ராப்பன் என்ற ஆஸ்திரியர், பலம் மிகுந்த அணிகளைப் பலம் குறைந்த அணிகளைக்கொண்டு சமாளிக்கும் பொருட்டு, காவல்வரிசைக்கும் பின்னால் ஓர் ஆட்டக்காரரைத் தனியே நிறுத்தும் உபாயத்தைக் கையாண்டார். அதை இத்தாலிய மண்ணில் பயிரிட்டு அமோகமாக விளைத்தவர்களுள் முதன்மையானவர் டிரியெஸ்டே நகரத்து நெரேயோ ரொக்கோ. பருத்த சரீரமும் பரிகாசப் பேச்சும் உடைய அந்த மனிதர், 1947-48 பருவத்தில் தம்முடைய சிறிய டிரியெஸ்டினா அணியைத் தேசியப் பந்தயத்தில் இரண்டாம் ஸ்தானத்துக்கு உயர்த்தினார். ‘நல்ல அணி வெல்லட்டும்’ என்று ஒருவர் மரியாதையாகச் சொன்னபோது, ‘அப்படி நடந்துவிடக் கூடாதென்று வேண்டிக்கொள்வோம்’ என்று ரொக்கோ மறுமொழி சொன்னதாக ஒரு கதை உண்டு. கதை உண்மையோ பொய்யோ, தாழ்ப்பாள் மதத்தின் மூலமந்திரம் அதில் முழுமையாக அடங்கியிருக்கிறது. ஏழையின் வீட்டுக்குத்தானே நல்ல தாழ்ப்பாள் வேண்டும்?

1961-இல் ரொக்கோ மிலான் கழகத்துக்கு வந்தபோது அவர் கைக்குக் கிடைத்த இளைஞர்களில் ஒருவர் டிராபட்டோனி. மிலான் நகரை அடுத்த குஸானோ மிலானினோ என்னும் ஊரில், தொழிலாளர் குடும்பமொன்றில், 1939 மார்ச் 17 அன்று பிறந்தவர். கண்ணைப் பறிக்கும் லாகவமோ, ரசிகர் மயங்கும் தந்திரமோ அவரிடம் இல்லை. அந்த அலங்காரங்களெல்லாம் அதே அணியிலிருந்த ஜான்னி ரிவேராவுக்கு உரியவை. பந்தைப் பறித்து ரிவேராவிடம் சேர்ப்பித்துவிட்டு மீண்டும் தம் இடத்துக்குத் திரும்பி நிற்பதே இவர் வேலை. 1963 மே 22 அன்று லண்டனில் வெம்ப்ளி மைதானத்தில் நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டியில், பென்ஃபிகாவின் யூசேபியோ முதற்பாதியிலேயே ஒரு கோல் போட்டுவிட்டார்; அவர் மறுபடியும் தலைதூக்காதபடி நெருங்கி நின்று காத்ததில் டிராபட்டோனிக்குப் பெரும்பங்கு உண்டு. அல்டாஃபினி இரண்டு கோல் போட, மிலான் 2-1 என்று வென்று, அக்கோப்பையை இத்தாலிக்குக் கொண்டுவந்த முதல் கழகமாயிற்று.

அதற்குப் பத்து நாள் முன்பு நடந்த வேறொரு சம்பவமே அவருடைய பெயரை ஜனங்கள் நாவில் நிலைநிறுத்தியது. மிலான் நகரின் சான் சிரோ மைதானத்தில் இத்தாலி, உலகச் சாம்பியனான பிரேசிலை 3-0 என்று தோற்கடித்த அந்த ஆட்டத்தில், பெலேயைக் காவல் காத்தவர் டிராபட்டோனி. அரைமணி ஆவதற்குள்ளாகவே பெலே களத்தைவிட்டு வெளியேறினார். பெலேயைக் கட்டிப்போட்ட வீரன் என்ற கீர்த்தி அன்றுமுதல் இவரைத் தொடர்ந்தது. பெலே அன்று பூரண தேகசுகத்துடன் இல்லை என்பதைப் பிற்காலத்தில் இவரே ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். வந்த புகழை யாரும் திருப்பி அனுப்புவது வழக்கமில்லை. அதைப் பாதியாவது திருப்பி அனுப்ப முயன்றவர் என்ற வகையில் எனக்கு இவரிடம் ஒரு மதிப்பு. அதே ஆண்டு அக்டோபரில் மிலானும் சாண்டோஸும் மோதியபோது டிராபட்டோனியே முதல் கோலைப் போட்டார் என்பதும், அதே ஆட்டத்தில் பெலே இரண்டு கோல் போட்டார் என்பதும் கதை சொல்கிறவர்கள் சௌகரியமாக மறந்துவிடும் விவரங்கள்.

தேசிய அணிக்குப் பதினேழு ஆட்டங்கள், மிலானுக்கு இரண்டு லீக் பட்டங்கள், 1969-இல் க்ரைஃப் ஆடிய அயாக்ஸை 4-1 என்று வென்று பெற்ற இரண்டாவது ஐரோப்பியக் கோப்பை, கடைசியாக வரேஸே கழகத்தில் ஒரு பருவம் என்பவற்றோடு ஆட்டக்காரர் வாழ்வு முடிந்தது. 1976-இல், மிலானில் சிறிது காலம் பயிற்சியாளராக இருந்ததைத் தவிர வேறு அனுபவமில்லாத முப்பத்தேழு வயதுக்காரரான இவரை, டூரின் நகரத்து யுவென்டஸ் கழகத்தின் தலைவர் போனிபெர்ட்டி துணிந்து அழைத்தார்.

அங்கே கழிந்த பத்து ஆண்டுகள்தாம் இந்தச் சரித்திரத்தின் நடுநாயகம். அக்காலத்தில் அந்நிய நாட்டு ஆட்டக்காரரைப் புதிதாகச் சேர்க்க இத்தாலியக் கழகங்களுக்கு அனுமதி இல்லை. ஆகவே முற்றிலும் இத்தாலியரைக் கொண்ட அணியுடன், முதற்பருவத்திலேயே, முப்பது ஆட்டங்களில் கிடைக்கக்கூடிய அறுபது புள்ளிகளில் ஐம்பத்தொன்றை ஈட்டி, ஐம்பது ஈட்டிய டொரினோவை ஒரே புள்ளியால் பின்தள்ளிப் பட்டம் வென்றார். கூடவே யூஇஎஃப்ஏ கோப்பையும் வந்தது. ரொக்கோவின் தாழ்ப்பாளை அவர் அப்படியே மாட்டிவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பின்வரிசையில் நின்ற ஷிரேயா, கதவைக் காப்பதோடு பந்தை எடுத்துக்கொண்டு முன்னேறவும் பழகியவர். இடப்புறத்துக் கப்ரீனி காவல்வீரரா தாக்குபவரா என்று எதிரிகள் திகைக்கும்படி ஓடுபவர். ஜென்டீலே ஒருவரே பழைய பாணியில், தமக்கு ஒதுக்கப்பட்ட ஆளின் நிழல்போல ஒட்டிக்கொள்பவர். ஆளைக் காப்பதும் இடத்தைக் காப்பதும் கலந்த இந்த முறையை ‘கலப்பு மண்டலம்’ என்று பொருள்படும் பெயரால் அழைத்தார்கள். 1982 ஜூலை 11 அன்று மாட்ரிட் நகரில் பயிற்சியாளர் பேயர்ஸோட்டின் இத்தாலி உலகக் கோப்பையை வென்றபோது, களமிறங்கிய பதினொருவரில் ட்ஸோஃப், ஜென்டீலே, கப்ரீனி, ஷிரேயா, டார்டெல்லி, ரோஸ்ஸி ஆகிய அறுவர் யுவென்டஸ்காரர்கள்.

பின்னர் அந்நியருக்குக் கதவு திறந்தபோது பிரான்ஸிலிருந்து பிளாட்டினி வந்தார். தாழ்ப்பாள் செய்பவனுக்கு வாய்த்த சாவி என்று அவரைச் சொல்லலாம். தொடர்ந்து மூன்று பருவங்களில் இத்தாலியிலேயே அதிக கோல் போட்டவர் அவரே. பத்தாண்டில் ஆறு லீக் பட்டங்களும், ஐரோப்பாவின் மூன்று பெருங்கோப்பைகளும் சேர்ந்தன. ஆயினும் அவற்றுள் மேலான கோப்பை கைக்கு வந்த விதத்தை எண்ணினால் எவருக்கும் மகிழ்ச்சி உண்டாகாது. 1985 மே 29 அன்று பிரஸ்ஸல்ஸ் நகரின் ஹெய்சல் மைதானத்தில், ஆட்டம் தொடங்குமுன் நேர்ந்த கலவரத்திலும் சுவரிடிவிலும் முப்பத்தொன்பது பேர் மாண்டார்கள். அதன்பிறகும் ஆட்டம் நடத்தப்பட்டு, பிளாட்டினியின் பெனால்டியால் யுவென்டஸ் லிவர்பூலை வென்றது.

1986-இல் மிலான் நகரத்து இன்டர் கழகத்துக்குப் போனார். அடுத்த ஆண்டு அந்நகரிலேயே எதிரணியான மிலானுக்கு வந்த அர்ரீகோ சாக்கி என்பவர், தாழ்ப்பாளையே கழற்றி எறிந்துவிட்டு, எதிரியை அவன் வாசலிலேயே மறிக்கும் புதிய மார்க்கத்தை உபதேசிக்கத் தொடங்கினார். உலகமே சாக்கியைப் புகழ்ந்துகொண்டிருக்கையில், 1988-89 பருவத்தில் டிராபட்டோனியின் இன்டர் முப்பத்துநான்கு ஆட்டங்களில் இருபத்தாறை வென்று, இரண்டில் மட்டுமே தோற்று, 58 புள்ளிகளோடு பட்டத்தை எடுத்துக்கொண்டது. பத்தொன்பது கோல் வாங்கி அறுபத்தேழு கோல் போட்ட அணியைத் தற்காப்பு அணி என்று நிந்திப்பது எப்படி நியாயமாகும் என்று யாராவது கேட்டிருக்க வேண்டும்.

மீண்டும் யுவென்டஸ், பின்பு பேயர்ன் மியூனிக், நடுவே கல்யாரியில் சில மாதம், மறுபடி மியூனிக் என்று வாழ்க்கை அலைந்தது. 1997-இல் ஜெர்மன் லீக் பட்டம் வென்றார். ஆனால் அந்நாட்டார் அவரை நினைவுகூர்வது 1998 மார்ச் 10 அன்று அவர் நிருபர்கள் முன்னிலையில் சில நிமிஷம் பேசிய பேச்சுக்காகவே. ஷால்கேயிடம் தோற்றதும், சில ஆட்டக்காரர்கள் அவர்மேல் குறைகூறியதும் சேர்ந்து கோபம் பொங்க, மேஜையைத் தட்டி, தமக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மன் பாஷையில், காலிப் புட்டியைப்போல ஆடினார்கள் என்று வெளுத்து வாங்கிவிட்டு, ‘இஷ் ஹாபே ஃபெர்ட்டிஷ்’ என்று முடித்து எழுந்துபோனார். ‘இருக்கிறேன்’ என்னும் வினை வரவேண்டிய இடத்தில், இத்தாலிய வழக்கை ஒட்டி, ‘உடையேன்’ என்பதுபோன்ற வினையைப் போட்டுவிட்டதுதான் பிழை. அப்படியொரு வினையே புழங்காத தமிழில் இதன் ஹாஸ்யத்தை எடுத்துக்காட்டுவது கஷ்டம். இலக்கணப் பிழையான அந்த வாக்கியம் ஜெர்மானியர் நாவில் நிலைத்துவிட்டது. பண்டிதர்கள் செம்மையாகச் செய்த எத்தனையோ வாக்கியங்களுக்கு இந்தப் பாக்கியம் கிட்டவில்லை.

2000-ஆம் ஆண்டில், பயிற்சியாளராயிருந்த ட்ஸோஃப் விலகிய இடத்தில், தேசிய அணியின் பொறுப்பு வந்தது. கழகப் பயிற்சியாளருக்குத் தம் ஆட்டக்காரர் தினந்தோறும் கிடைப்பர். தச்சுப்பட்டறையில் மரத்தை இழைப்பதுபோல இழைத்துக்கொண்டே இருக்கலாம். தேசிய அணிக்காரருக்கோ சில வாரங்களுக்கு ஒருமுறை சில நாள் மட்டுமே சொந்தம். பட்டறைக்காரராகவே வளர்ந்த டிராபட்டோனிக்கு இந்த ஏற்பாடு பொருந்தவில்லை என்பது என் எண்ணம். 2002 ஜூன் 18 அன்று தென் கொரியாவின் டேஜான் நகரில், உலகக் கோப்பைப் போட்டியில் அந்நாட்டு அணியோடு ஆடும்போது, கன்னியாஸ்திரீயான தம் சகோதரி அளித்த தீர்த்தப் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற அவர், வியேரியின் கோலால் 1-0 என்று முன்னணியில் இருந்தபோது, 61-ஆம் நிமிஷத்தில் தாக்கும் வீரரான டெல் பியேரோவை வெளியே அழைத்துக் கத்தூஸோவை உள்ளே அனுப்பினார். தாழ் விழுந்தது. எதிரே கொரியாவின் பயிற்சியாளர் ஹிடிங்க் காவல்காரர்களை ஒவ்வொருவராக எடுத்துவிட்டுத் தாக்குபவர்களை ஒவ்வொருவராக இறக்கினார். 88-ஆம் நிமிஷத்தில் சோல் கி-ஹியோன் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் டோட்டி வெளியேற்றப்பட்டார். 117-ஆம் நிமிஷத்தில் ஆன் ஜுங்-ஹுவான் தலையால் முட்டிய பந்து வலைக்குள் சென்றது. ஈக்வடார் நாட்டு நடுவர் மொரேனோவை இத்தாலியர் இன்றளவும் சபிக்கிறார்கள். சபிப்பதற்குக் காரணம் உண்டு. ஆயினும் கதவைச் சாத்தச் சொன்னவர் நடுவரல்லர்.

இரண்டு ஆண்டு கழித்து ஐரோப்பியப் போட்டியில், போர்ட்டோ நகரில் ஸ்வீடனோடு ஆடும்போது அதே நாடகம். கஸ்ஸானோ என்ற இளைஞர் கோல் போட்டு முன்னணி தேடித்தந்தார். அவரும், பின்பு டெல் பியேரோவும் வெளியே அழைக்கப்பட்டார்கள். 85-ஆம் நிமிஷத்தில் இப்ராஹிமோவிச் குதிகாலால் உயரத் தட்டி ஆட்டத்தைச் சமன் செய்தார். இத்தாலி முதற்சுற்றோடு ஊர் திரும்பியது.

பிறகு பென்ஃபிகாவுக்குப் பதினோராண்டு இடைவெளிக்குப் பின் போர்த்துகல் பட்டமும், சால்ஸ்பர்க்குக்கு ஆஸ்திரியப் பட்டமும் தேடித்தந்து, நான்கு தேசங்களில் லீக் வென்றவர் என்ற அபூர்வப் பெருமையோடு, 2008-இல், அறுபத்தொன்பதாம் வயதில், அயர்லாந்து தேசிய அணிக்கு வந்து சேர்ந்தார். பெரிய ஆட்டக்காரர் அதிகமில்லாத சிறிய தேசம். ரொக்கோவின் டிரியெஸ்டினாவைப் போன்றதோர் ஏழை வீடு. தாழ்ப்பாள் தன் பிறவிப்பயனை அங்கேதான் மறுபடி கண்டது. 2009-இல் பாரிஸில் பிரெஞ்சு வீரர் ஆன்றியின் கை பந்தைத் தொட்டதால் உலகக் கோப்பை வாய்ப்புப் பறிபோயிற்று. 2011 செப்டம்பரில் மாஸ்கோவில் ரஷ்யர்கள் அலையலையாக மோதியும் ஒரு கோலும் விழவில்லை. ரிச்சர்ட் டன் என்ற காவல்வீரர் முகத்தில் காயம்பட்டு, ரத்தக்கறையால் சட்டையை மாற்றி, எண்ணில்லாத மாற்றுச் சட்டையில் பேனாவால் எண்ணைக் கிறுக்கிக்கொண்டு கடைசிவரை நின்றார். அந்த 0-0 பெரிதும் துணைநிற்க, அயர்லாந்து 2012 ஐரோப்பியப் போட்டிக்குத் தகுதி பெற்றது.

போட்டியிலோ குரோஷியாவிடம் 1-3, ஸ்பெயினிடம் 0-4. மூன்றாவது ஆட்டம் போஸ்னான் நகரில் இத்தாலியோடு. தேதி ஜூன் 18, டேஜானுக்குச் சரியாகப் பத்தாண்டு. இத்தாலியின் கோலைக் காத்து நின்றவர் அன்றைக்குப்போலவே இன்றைக்கும் புஃபோன். எதிர்ப்புறத்துப் பயிற்சியாளர், யுவென்டஸில் டிராபட்டோனியிடம் ஆறு பருவம் ஆடிய பிரான்டெல்லி. முப்பத்தைந்தாம் நிமிஷத்தில் பிர்லோ மூலையிலிருந்து உதைத்த பந்தைத் தலையால் முட்டிக் கோல் போட்டவர் போர்ட்டோவில் வெளியே அழைக்கப்பட்ட அதே கஸ்ஸானோ. ஒரு கோல் முன்னணியில் இருக்கையில் பிரான்டெல்லியும் கஸ்ஸானோவை வெளியே அழைத்தார். ஆனால் பதிலுக்கு அவர் இறக்கியவர் காவல்காரர் அல்லர், தாக்கும் வீரரான டியமான்டி. பின்னும் சற்றுப் பொறுத்து பாலோடெல்லியையும் அனுப்பினார். ஆட்டம் முடியும் தறுவாயில் பாலோடெல்லி இரண்டாவது கோலைப் போட்டார்.